முப்பது டிகிரியும் நம் குடும்பமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே. இங்கே எல்லோரும் சௌக்கியம். இன்றைக்கு அது பொய்யில்லை, போன வாரம் எழுதியிருந்தால் முழுப் பொய். பதறாமல் உட்கார்ந்து படி. பதினாறு நாளைக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி, அவசரமாக மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று இரண்டு ஞாயிறும் உன்னிடம் அளந்தேன். இப்போது சாதாரண வார்டில் இருக்கிறாள், தானே சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள். போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நாலு நாள் வாயில் குழாய், மெஷின்தான் மூச்சு கொடுத்தது. தலைப்பக்கம் கட்டிலை முப்பது டிகிரி தூக்கி, கழுத்தை நேராக வைத்திருந்தார்கள். நம் ஆட்களை ஆளுக்கு ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள், அதற்குள் ஆளுக்கொரு டாக்டராகிவிட்டார்கள். பேங்கில் கையெழுத்துப் போடவே மூன்று நாள் யோசிக்கிற உன் மாமா, "மட்டமா படுத்தாத்தான் காத்து தாராளமா போகும், போன்ல பார்த்தேன்" என்று பொத்தானை அமுக்கிக் கட்டிலை இறக்கிவிட்டு வந்தார். அடுத்துப் போன அத்தை, "ஐயோ, நெஞ்சு அடைக்காதா" என்று உட்காருகிற அளவுக்கு ஏற்றிவிட்டு வந்தாள். நர்ஸ் ஓடிவந்து சரிசெய்து, பொத்தானைப் பூட்டிவிட்டு, "இது கட்டிலா ஊஞ்சலா" என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்து நான் பார்த்த முதல் காரியம்.

இவ்வளவு பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா. நாற்பது வருஷம் மரம் இழைத்தவன், மட்டம் பார்க்காமல் ஒரு பலகை வைத்ததில்லை என்று மார்தட்டுகிறவன். அம்மாவுடைய தடித் தலையணையைப் பையில் மறைத்துக் கொண்டுபோய்த் தலைக்கடியில் செருகினேன். தாடை போய் நெஞ்சில் இடித்தது, மெஷின் கத்தியது, திரையில் எண்கள் மளமளவென்று இறங்கின. தலையணையை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன் பாப்பா. நர்ஸ் ஒரே இழுப்பில் உருவிவிட்டுக் கழுத்தை நேராக்கினாள், சத்தம் அடங்கியது. "கழுத்து மடங்கினா குழாய் நெரியும், தலையிலேர்ந்து ரத்தம் இறங்காம உள்ளே அழுத்தம் ஏறும் பெரியவரே. மட்டமா போட்டா வயித்துல இருக்கறது நுரையீரலுக்குப் போயிடும். சும்மா ஆசைக்கு வச்ச நம்பர் இல்ல இது" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. வெளியே வந்து மாமாவிடமும் அத்தையிடமும், மெஷின் பழசு, அதுதான் கத்துகிறது என்று சொல்லிவிட்டேன், நீயும் காட்டிக்கொடுக்காதே. அதன்பிறகு, இரண்டு மணி நேரத்துக்கொருதரம் நர்ஸ்கள் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வருகிறபோது நான் உள்ளே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டாள், நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். கரகரத்த குரலில் முதலில் கேட்டது, "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லாதீங்க, பயந்துக்கும்" என்றுதான். சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். தலையில் அடிக்க முடியாதே.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒன்றும் தெரியாதவளாக, குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று மட்டும் கேள். ஜலதோஷம் என்பாள். நம்பிவிடு. போனை வைத்த பிறகு அழுதுகொள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு.

சத்தியம் தவறிய
உன் அப்பா