இழுப்பறையைத் திறந்தது நான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் தம்பி வாத்தியாருடைய கைக்கடிகாரத்தைப் போலீசிடம் எடுத்துக் கொடுக்கவில்லை. கடை இழுப்பறையைத் திறந்து கொடுத்தவன் நான். அவன் அப்போது காவல் நிலையத்தில் இருந்தான். கைதான பிறகு அவனே போலீசைக் கடைக்குக் கூட்டிவந்து காட்டியதாக எழுதிவைத்திருக்கிறார்கள். இதுதான் நடந்த அநியாயம்.

மூலை வீட்டு வாத்தியாரை யாரோ கொன்றுபோட்ட செய்தி உனக்கு எட்டியிருக்கும். அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுக்கப் போனவன் என்று இவனைப் பிடித்தார்கள். பிறகு ஆய்வாளர் கடைக்கு வந்து, வாத்தியாருடைய கைக்கடிகாரம் இங்கே இருக்கிறதா என்று கேட்டார். மடியில் கனமில்லை, வழியில் பயமெதற்கு? பழுதுபார்க்க வந்தது என்று சொல்லி நானே நீட்டினேன்.

சட்டப் புத்தகத்தை லென்ஸ் வைத்து மூன்று தரம் படித்துவிட்டேன். வக்கீலின் குமாஸ்தா, ஜட்ஜ் ஐயா வந்துட்டாரு என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும். போலீசிடம் கைதி சொன்னது செல்லாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அந்த ஒரு சந்து வழியாகத்தான் இவனை உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

கடிகாரம் கிடைத்ததாகப் போலீஸ் எழுதிய தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. முதல் பக்கத்தில் கடிகாரத்தின் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தார்கள். திருத்திக் கொடுத்தேன். பெரியவருக்குத் தெரியாததே இல்லை என்றார் ஆய்வாளர். இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை. தம்பி காட்டியதாக எழுதியிருந்தது அதில்தான்.

பழுது பார்க்கும் கடிகாரத்தின் மூடிக்குள் தேதியைக் கீறிவைப்பது என் வழக்கம். இதை இன்னும் திறக்கவே இல்லை. பேரும் தேதியும் எழுதி இதில் கட்டியிருந்த சீட்டையும் இப்போது காணோம். வாத்தியாரிடம் கடிகாரத்தை வாங்கி அந்தச் சீட்டை எழுதிக் கட்டியவள் நீ. நீ வீட்டைவிட்டுப் போன அன்று காலையில். மாலையில், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

தம்பி துரும்பாகிவிட்டான். பார்க்கப் போனால், கடை திறந்தீங்களாப்பா என்று மட்டும் கேட்கிறான். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

இருபதாம் தேதி விசாரணை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியது நான். சீட்டு எங்கே என்று ஆய்வாளரை மடக்க வேண்டியது வக்கீல். வாத்தியார் கையிலிருந்து வாங்கினேன் என்று சொல்ல வேண்டியது நீ. அப்பன் பேச்சு எடுபடாதாம். அப்பனோடு முறித்துக்கொண்டு போனவள் பேச்சு எடுபடுமாம். வக்கீல் சொல்கிறார். உன் வீட்டுக்காரரையும் அழைத்துவர வேண்டியது நீ. வாசலில் நின்று இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட வேண்டியது நான்.

நன்றாயிரு.

அப்பா