ஹைட்ரஜனுக்கு எத்தனை நியூட்ரான்?

நேற்று வெள்ளிமலைப் பள்ளியில் பனிமூட்டம் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்து, சாக்பீஸெல்லாம் நமத்துக் கிடந்தது. அந்த ஈரச் சுண்ணாம்பு வாசனையில் உன் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பத்தாவதில் அறிவியலில் தவறிய நாம் இருவரும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த டுடோரியலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ தினமும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவாய். ஒருநாள் சோடியம் கணக்கைச் சேர்ந்து போட்டோம். அணு எண் பதினொன்று. அதனால் புரோட்டான் பதினொன்று, எலக்ட்ரானும் பதினொன்று. நிறை எண் இருபத்து மூன்றில் பதினொன்றைக் கழித்தால் நியூட்ரான் பன்னிரண்டு. அப்புறம் நீயே ஒவ்வொரு தனிமமாகப் போட்டுப் பார்த்தாய். ஹைட்ரஜனில் நின்றுவிட்டாய். அதற்கு அணு எண்ணும் ஒன்று, நிறை எண்ணும் ஒன்று.

“ஒண்ணுல ஒண்ணு போனா ஒண்ணுமே இல்லியே. நியூட்ரான் இல்லாம ஒரு அணு இருக்குமா?”

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். “அதெல்லாம் பரீட்சைக்கு வராது, சும்மா இருடி” என்றேன்.

“சரி, யாரையாவது கேட்டுக்கினு வந்து சொல்லு” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாய். அன்று சாயங்காலம் மலையில் கொட்டிய மழையில், உன் ஊர் ஓடையைத் தாண்டும்போது வெள்ளம் உன்னை அடித்துக்கொண்டு போய்விட்டது.

நான் தேறினேன். மேலே படித்து, உன் மலைக்கே டீச்சராக வந்தேன். இங்கே யாரிடமும் உன்னைப் பற்றிப் பேசியதில்லை.

நேற்று பலகையில் சோடியம் போட்டு முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், ஹைட்ரஜன்ல நியூட்ரான் இல்லாம இருக்குமான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க.”

“யாரு?”

“ஓடையாண்ட ஒரு அக்கா. நனைஞ்சிக்கினு நின்னாங்க. உங்களத் தெரியும்னாங்க.”

மதியம் தனியாக ஓடைக்குப் போனேன். யாரும் இல்லை. தண்ணீர் கணுக்கால் அளவுதான். “இருக்கும்டி. சாதாரண ஹைட்ரஜனுக்கு நியூட்ரானே கிடையாது. நீ போட்டது சரி. எனக்குத்தான் அன்னிக்குத் தெரியல” என்று சத்தமாகச் சொன்னேன்.

தவளைச் சத்தம் சட்டென்று அடங்கியது. என் முதுகுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில், யாரோ நிம்மதியாக மூச்சு விட்டார்கள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இன்று காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, “அந்த அக்கா மறுபடி வந்தாங்களா?” என்று கேட்டேன்.

“எந்த அக்கா மிஸ்?” என்றாள்.

அடுத்த பாடவேளையில் ஒருவன் எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டான். “தெரியாதுப்பா, பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றேன். சொல்லும்போது பிடரி சில்லிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இனி அப்படித்தான் சொல்வேன்.