இரண்டு நாடுகள் கேட்ட மணல்திட்டு

மச்சாள்,

இன்று உங்கள் அலுமாரியைத் திறந்தேன். நாப்தலின் மணம் மூக்கில் ஏறியது. உங்கள் நீலக் குளிர்க்கோட்டு அப்படியே தொங்குகிறது. பத்து வருடங்களுக்கு முன், எண்பதுகளில் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் மனிதரை, என் அண்ணையைத் தேடிப் போனீர்கள்.

அண்ணை அப்போது வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். கடலுக்குள் ஒரு மணல்திட்டு. அடுத்தடுத்த அரபு நாடுகள் இரண்டும் அது தன்னுடையது என்றன. ஒரு நாடு அதில் காவல் நிலையம் கட்டத் தொடங்க, மற்ற நாட்டு இராணுவம் ஹெலிகொப்டரில் வந்திறங்கி அங்கே நின்ற அண்ணையையும் மற்ற வேலையாட்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் குளிர் நாட்டில், எங்கள் நோர்பரி வீட்டு வானொலியில் அதைக் கேட்டு நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. ஊரில் ஆமி ஆளைப் பிடித்தால் முகாம் வாசலில் போய் நிற்கும் பெண்கள் செய்வதையே செய்தீர்கள். அண்ணையின் படத்தை எடுத்து, "வா, வாசலிலை போய் நிப்பம்" என்றீர்கள்.

எந்த வாசல் என்பதுதான் சிக்கல். முதல் தூதரகத்தில், அது எங்கள் மண், பிடித்தவர்களிடம் போய்க் கேளுங்கள் என்றார்கள். மற்றதில், எங்கள் மண்ணில் அனுமதியில்லாமல் நின்றவர்கள், அனுப்பியவர்களிடம் கேளுங்கள் என்றார்கள். ஒரு வார்த்தை கூடிப்போனால் அங்கே அண்ணைக்கு அடி விழும் என்று பயந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் அசையவில்லை.

"திட்டு ஆருடையதெண்டாலும் இருக்கட்டும். மனுசன் என்ரை. அதை மட்டும் இங்கிலிசிலை சொல்லு."

அப்படியே இங்கிலிசில் சொன்னேன். திரும்பும் ரயிலில்தான் உங்கள் உடம்பு நடுங்குவதைக் கண்டேன். "எனக்கும் பயம்தானடி. அதுக்காக வீட்டிலை இருக்க ஏலுமே?" என்றீர்கள்.

பிறகு எல்லோரையும் விட்டுவிட்டார்கள். அண்ணை கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தார். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து கதவைத் தட்டினாள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அண்ணை நேற்றுச் சொன்னார்: "தனிய இந்த வீட்டிலை இருக்க ஏலாது. திரும்ப அங்கை வேலை இருக்காம்."

"அந்தத் திட்டு இப்ப ஆருடையது?" என்று கேட்டேன்.

"வழக்கு இன்னும் நடக்குது" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

போகாதேங்கோ என்று மன்றாடினேன். உங்கள் ஒரு சத்தத்துக்கு அடங்கிய மனிதர், தங்கை சொல்லைக் கேட்காமல் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். நாளைக்கு அவரைப் பிடித்தால் நான் தனியாகத்தான் போய் நிற்க வேண்டும். என்னிடம் இருப்பது பயம் மட்டும்தான், மச்சாள். உங்களிடமும் அதுதானே இருந்தது.