சக்திவேல் அல்ல என்று எழுதினேன்

டிசம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். எதிரே இருக்கும் பேக்கரி போர்டுகூடத் தெரியவில்லை. அதற்குள் நல்ல செய்தி ஒன்று. என் ஆய்வுக் கட்டுரையை இதழில் ஏற்றுக்கொண்டார்கள். ஆறு வருடம் கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் ரத்தம் சேகரித்து அலைந்ததற்கு ஒருவழியாகப் பலன். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து வந்த ஊர்களில், யாருடைய மரபணுவும் அடுத்த வீட்டுக்காரருடையதோடு கொஞ்சம் ஒத்துத்தான் போகும். அவ்வளவுதான் கட்டுரையின் சாரம். "இதுக்கு ஆறு வருசமா மேடம்? கூக்கால் பஸ்ல ஏறி நாலு பேருகிட்ட என்ன உறவுன்னு கேட்டா முடிஞ்சுது" என்கிறான் ஆய்வக உதவியாளன் சிவமுருகன். அவன் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது.

மதியம் எஸ்.ஐ. ராமர் ஒரு அம்மாவை அழைத்து வந்தார். பொன்னுத்தாய், கூக்கால். பூண்டு போடுகிறவர். கணவர் இல்லை, ஒரே மகன் சக்திவேல். நவம்பர் மழையில் ஓடையைக் கடக்கும்போது வெள்ளத்தில் போனவன். போன வாரம் மலை அடிவாரத்தில், பாலசமுத்திரம் பக்கம், ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது.

அம்மா உறவு என்பதால் மரபணுவை ஒப்பிடுவது சுலபம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். போகும்போது, "அவனா இருக்கக் கூடாதுங்க டாக்டரம்மா" என்றார். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்வதை விட்டுப் பல வருடமாகிறது.

டிசம்பர் 12, வியாழன்

ஒத்துப்போகவில்லை. தாயும் பிள்ளையும் என்றால் நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாதி பொருந்தியாக வேண்டும். இங்கே ஐந்து இடங்களில் பொருந்தவில்லை. மற்ற இடங்களில் ஒற்றுமை கூடுதலாகவே இருக்கிறது. இருக்கத்தானே செய்யும், மேல்மலைக்காரர்கள். என் கட்டுரையே அதைத்தான் சொல்கிறது.

'சக்திவேல் அல்ல' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சொன்னதும் பொன்னுத்தாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த வேலையில் நான் கொண்டுபோகும் செய்திக்கு யாரும் இப்படிச் சிரித்ததில்லை. நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 20

பொன்னுத்தாய் போன். கேரளாவில் ஆஸ்பத்திரிகளில் தேடச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

டிசம்பர் 27

மறுபடியும். பழனிக்குப் பாதயாத்திரை போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம், அவன் திரும்பி வந்தால்.

ஜனவரி 2, வியாழன்

அந்த உடலைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை என்றார் ராமர். பழனியில் நம்பர் போட்டுப் புதைத்தாயிற்று. வேறு காணாமல்போன புகாரும் இந்தப் பக்கம் இல்லை. அதே மழை, அதே ஓடை, அதே வயது.

அப்படியானால் அது யார்?

சாயங்காலம் கணக்கைத் திரும்ப எடுத்தேன். என்னிடம் இருக்கும் கூக்கால் மாதிரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு கூக்கால்காரர்கள் சும்மா ஒத்துப்போகும் அளவுக்கு மேலே இருக்கிறது இந்த ஒற்றுமை. வெகு மேலே. தாய் இல்லை. ஆனால் வெளியாளும் இல்லை. இதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. கட்டுரை வந்த மிதப்பு.

ஜனவரி 9, வியாழன்

கூக்காலுக்குப் போனேன். நெருங்கிய சொந்தக்காரர்களிடமும் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் போனேன். பொன்னுத்தாய் மன்னவனூரில் யாரோ சோதிடரைப் பார்க்கப் போயிருந்தார். பூண்டுக் காட்டில் அவருடைய அக்கா சோலையம்மாள் மட்டும் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்ன சோதனை, எதற்காக என்று விளக்கினேன். தாயின் ரத்தம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு வயித்துல ஒண்ணும் தங்கலைங்க. எனக்கு நாலாவதா அவன். தீட்டுக் கழிச்ச அன்னைக்கே அவ மடியில போட்டுட்டேன். இனி எம்புள்ளைன்னு வாயெடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இன்னைக்குத்தான் எடுக்கேன்."

அவன் இவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். ஊருக்கே தெரியுமாம். ஆனால் கொடுத்த பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட மாதிரியாம்.

"அவன் இல்லைன்னு நீங்க சொன்னதா வந்து சொன்னா. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டுது. அவ சிரிக்கிறதப் பாத்துட்டு எப்படிங்க சொல்ல?"

வாயைத் திறந்தார். குச்சியால் தேய்த்து எடுத்துக்கொண்டேன். பெற்றது நீங்களா என்று நான் பொன்னுத்தாயிடம் கேட்கவே இல்லை. எந்த அம்மாவிடமும் கேட்டதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

எல்லா இடங்களிலும் பொருந்துகிறது.

ஜனவரி 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ராமரே போய்ச் சொல்கிறேன் என்றார். நான்தான் கேட்கவில்லை. இல்லை என்று சொன்ன வாய்தான் ஆமாம் என்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல பொன்னுத்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே அவன் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க."

ஆமாம், அது என் தப்பு என்றேன்.

"அவன் செத்துட்டான்னா அவ புள்ளை. உசுரோட இருந்தா எம்புள்ளை. அப்படித்தானே எழுதியிருக்கு உங்க பேப்பர்ல?"

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

"இருபத்தி நாலு வருசம் வளர்த்தேனே. அப்ப நான் யாருங்க?"

சோலையம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தார். பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சத்தியத்தை மீறிவிட்டாய் என்று அவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள், அந்த நேரத்திலும். குடித்தேன்.

ஜனவரி 21

ஒரு சோலியும் ஓடவில்லை. அந்தச் சிரிப்பே கண்ணுக்குள் நிற்கிறது. நான் கொடுத்த சிரிப்பு. ஐந்து வாரம் ஒரு பொம்பளையை நம்ப வைத்து – என்ன படிச்சு என்ன? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். பெத்தீங்களான்னு ஒரு வார்த்தை.

பிப்ரவரி 6, வியாழன்

பழனியில், தாசில்தார் முன்னிலையில், உடலைத் தோண்டி எடுத்தார்கள். வெள்ளனேயே வெயில். சோலையம்மாளும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். பொன்னுத்தாய் வரவில்லை. பதினைந்து நாளாக அக்காவோடு பேச்சில்லையாம்.

ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட தாயைக் கூப்பிட்டார்கள். சோலையம்மாள் நகரவே இல்லை. "அவ வரட்டும்" என்றார். தாசில்தாருக்கு அவசரம். சட்டப்படி இவர் போட்டால் போதும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் "அவ வரட்டும்" என்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் பொன்னுத்தாய் வந்தார். கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார். கையில் துணிப்பை, அதில் அவனுடைய நீல ஸ்வெட்டர். யாரையும் பார்க்கவில்லை. உடலைக் கட்டியிருந்த துணியின் மேல் ஸ்வெட்டரைப் போர்த்தி நான்கு பக்கமும் செருகினார்.

"மேல போகப் போகக் குளிரும்ல" என்றார். அக்காவிடம்தான் சொன்னார்.

அங்கே நிற்க முடியவில்லை. மரத்தடிக்கு வந்து அழுதேன்.

மார்ச் 11, செவ்வாய்

எந்தக் குடும்பம் வந்தாலும் இப்போது முதலில் அதைக் கேட்கிறேன். பெற்ற பிள்ளையா, வளர்த்த பிள்ளையா? கேட்கும்போதெல்லாம் அவர்கள் முகம் மாறுகிறது. கேட்காமலும் இருக்க முடியாது.

இன்று வேறு வேலையாக சிவமுருகனோடு கூக்கால். பஸ் நிற்கும் இடத்தில் சக்திவேலின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அந்த நீல ஸ்வெட்டர் போட்ட படம். கீழே, 'தாய்மார்: சோலையம்மாள், பொன்னுத்தாய்.' அக்கா பெயரை முன்னால் போடச் சொன்னது பொன்னுத்தாய்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள்.

அதற்கும் கீழே பிறந்த தேதியும் மறைந்த தேதியும். மறைவு, 20.1.2025.

"நவம்பர்லதானே மேடம் போனான்? தேதியத் தப்பா அடிச்சிருக்காங்க" என்றான் சிவமுருகன்.

தப்பு இல்லை என்றேன். அது நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்ன நாள்.