மரத்தின் அந்தப் பக்கம்

ஜனவரி 6, 2025, திங்கள்

கடை சாத்தும் நேரத்தில் ஜெயக்கொடி போன் செய்தாள். பொங்கல் கழிந்ததும் பரம்பிக்குளம் காட்டுக்குப் போகலாமாம், அவளுடைய காரில். அவள், அன்புக்கரசி, நான்.

"பெரிய பெரிய தேக்கு மரமாம்டி. மூணு நாளு. கடைய மூடிட்டு வா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிக்க? என்னைப் பெற்ற நைனா இருந்தவரை அவருக்கு யார் சோறு போடுவார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. மருந்துக்கடையை விட்டு வீடு, வீட்டை விட்டு மருந்துக்கடை. காலையில் ஒரு பிடி அரிசி போட்டால் இரண்டு வேளைக்கும் வருகிறது.

ஜனவரி 7

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 16

பை கட்டியாயிற்று. ஜெயக்கொடியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அன்புக்கரசி பின் பெஞ்ச். அவள் எங்களோடு எப்போது ஒட்டிக்கொண்டாள் என்று நினைவில்லை. வல்லத்தில் அங்கன்வாடி வேலை. அதனால்தானோ என்னவோ, நாற்பத்தாறு வயதிலும் எங்களைப் பிள்ளைகள் மாதிரி அதட்டுகிறாள். கார் முழுக்க அவள் குரல்தான் கேட்கும். இருக்கட்டும். ஜெயக்கொடி இருக்கிறாளே.

ஜனவரி 17, ஆனைமலை

செஞ்சியில் கிளம்பியதிலிருந்து பின் சீட்டில் நான் மட்டும். முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். மருமகள், ஃபிளாட், கோயம்புத்தூர் தண்ணீர். காற்றுச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. இன்னாடி என்று இரண்டு தடவை கேட்டேன். பிறகு கேட்கவில்லை.

அவிநாசி தாண்டியதும் பொழுது சாய ஆரம்பித்தது. ஜைனர்களான நாங்கள் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து வெளிச்சத்திலேயே சாப்பிட்டிருக்கிறாள். நிறுத்தச் சொன்னேன்.

"லாட்ஜுக்குப் போயிடலாம்டி. ஒரு நாளு லேட்டா சாப்ட்டா உங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

லாட்ஜில் தண்ணீர்கூடக் குடிக்காமல் முகம் கழுவப் போனேன். திரும்பும்போது அறைக்குள் அன்புக்கரசியின் குரல். மெல்லப் பேசினாலும் அவள் குரல் ஊருக்கே கேட்கும்.

"பாவம்டி அவ. நைனாவும் போயிட்டாரு, ஒண்டியா கெடக்குறா. அதனாலதான் கூட்டினு வரச் சொன்னேன்."

ஆக, கூப்பிடச் சொன்னதே இவள்தான். ஜெயக்கொடிக்கு நான் வரவேண்டும் என்றுகூட இல்லை. பாவமாம். நான் இன்னா கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேனா?

வராமலேயே இருந்திருக்கலாம்.

ஜனவரி 18

காரைச் சோதனைச் சாவடியில் விட்டுவிட்டு வனத்துறை வண்டியில் போனோம். மரங்கள் தொடங்கியதும் வண்டிக்குள் பேச்சு தானாக நின்றது. அன்புக்கரசிகூட வாயைத் திறக்கவில்லை. நம் ஊரில் பெரிது என்றால் பாறைதான். அது அசையாது. இங்கே அத்தனை உயரத்தில் ஏதோ அசைந்துகொண்டே இருக்கிறது, கீழே ஒரு காற்றும் இல்லை.

வழிகாட்டி ஒரு பெரிய தேக்கின் அருகே நிறுத்தினார். நானூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியுமாம். நாங்கள் மூவரும் அவரும் சுற்றி நின்று கைகளை நீட்டினோம். கன்னத்தைப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். மரத்தின் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. இடது பக்கம் ஜெயக்கொடியின் கை என்று வளையலால் தெரிந்தது. முகம் தெரியாததால்தான் சொன்னாளோ.

"அனந்தி. நாங்க கோயம்புத்தூருக்கே போறோம்டி. பையன் ஃபிளாட் வாங்கிட்டான். அடுத்த மாசம்."

"எப்ப முடிவாச்சு?"

"ஆயுத பூஜையப்பவே."

அதற்குப் பிறகு எத்தனை தடவை கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை.

"நீ அழுவியேன்னு சொல்லல."

நான் அழவில்லை. கையை எடுத்துவிட்டேன். வழிகாட்டி, "போட்டோ எடுக்கலையாம்மா?" என்றார்.

ஜனவரி 19

திரும்பும் வழி முழுக்கத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். செங்கம் அருகே அன்புக்கரசி சத்தம் போட்டாள்: "வண்டிய நிறுத்துடி. பொழுது போவுது, அனந்தி சாப்புடணும்." ஜெயக்கொடி நிறுத்தினாள். இரண்டு இட்லி சாப்பிட்டேன். யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

ஜனவரி 29, அமாவாசை

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிந்தன. கடையில் தலைவலி மாத்திரை கேட்டு ஓயாத கூட்டம். இத்தனை பேரில் ஒருத்தர்கூட மாத்திரையைத் தவிர வேறு பேசவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 3

ஜெயக்கொடி வீட்டுச் சாமான் லாரி என் கடை இருக்கும் காந்தி பஜார் வழியாகத்தான் போனது. கடைக்குள்ளேயே இருந்தேன். அவள் இறங்கி வந்து கையைப் பிடித்தாள். போய் வா என்றேன். வேறென்ன சொல்ல.

பிப்ரவரி 9

ஞாயிறு. யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்தேன்.

பிப்ரவரி 16

அன்புக்கரசி கடைக்கு வந்தாள். போனை ஏன் எடுப்பதில்லை என்று அதட்டினாள். எனக்கும் பொறுக்கவில்லை.

"லாட்ஜுல நீ சொன்னது கேட்டுது. என்னைப் பாத்தா பாவமா இருக்குதுன்னு."

மறுப்பாள் என்று நினைத்தேன். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஆமா, பாவமாத்தான் இருந்துது. இருந்தா கூப்புடக் கூடாதா? பாவம்னு தோணாதவங்களையா போய்ப் பாக்குறது?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு போன ஆடியில செத்தாரே, நீ பதினாறாம் நாளுக்கு வந்த. அப்புறம் வந்தியா?"

போகவில்லை. நைனாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் வீட்டில் ஒண்டிதான் என்பது இத்தனை நாளும் என் புத்தியில் ஏறவே இல்லை. சத்தமாகப் பேசுகிறவளுக்கு என்ன குறை என்று இருந்துவிட்டேன்.

"டீ வாங்கியாரட்டுமா?" என்றேன்.

"வாங்கியா. சக்கரை கம்மி."

மார்ச் 2

வல்லம் போய் வந்தேன். அவள் வீட்டில் சத்தமே இல்லை. அவளும் அங்கே அவ்வளவாகப் பேசவில்லை.

மே 16, வெள்ளி

அங்கன்வாடிக்கு விடுமுறை. காலையிலேயே அன்புக்கரசி வந்துவிட்டாள். தலை காய்ந்து கிடக்குது என்று திட்டி, என்னை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். முரட்டுக் கை. காதுக்குப் பின்னால் தேய்க்கும்போது மட்டும் மெதுவாக. கண்ணை மூடியிருந்தேன். போன் அடித்தது.

"யாரு?"

அவளே எட்டிப் பார்த்தாள். "ஜெயாடி. எடு."

"தலையில எண்ணெ இருக்குது," என்றேன். "அப்புறமா பேசிக்கலாம். நீ தேய்."