பார்த்துக்கறேன்

அன்புள்ள மகளுக்கு,

நீ என்னை உலகத்துக்கு முன்னால் வாயில்லாப் பூச்சி ஆக்கிவிட்டாய். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கே குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? பரிசு வாங்கும் போட்டோவில் கழுத்தெலும்பு தனியாகத் தெரிகிறது, சாப்பிடுகிறாயா இல்லை படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாயா?

முதலில் சந்தோஷமான சங்கதி. அப்பா டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் பஸ்ஸில் உன் பெருமைதான். போட்டிக்கு நாற்பது நாட்டுப் படங்கள் வந்தன என்று ஆரம்பித்தவர் நேற்று அதை அறுபதாக்கிவிட்டார். நடுவர்களின் சிறப்புப் பரிசு முதல் பரிசைவிடப் பெரியதா என்று டிப்போவில் யாரோ கேட்க, "ஸ்பெஷல் பஸ்ஸுல டிக்கெட் ஜாஸ்தியா கம்மியா, நீயே சொல்லு" என்று வாயை அடைத்துவிட்டாராம். பரிசாக உன் கையில் இருக்கும் அந்தக் கண்ணாடிப் பறவையை அவர் கழுகு என்கிறார். எனக்குக் கோழி மாதிரிதான் தெரிகிறது, கோபித்துக்கொள்ளாதே.

போன வியாழக்கிழமை மத்தியானம் எக்ஸ்ரே அறைக்காரர் தன் லேப்டாப்பை எங்கள் சலவை அறைக்கே கொண்டுவந்து, மடித்த போர்வைக் கட்டின்மேல் வைத்து, எங்களை வைத்து நீ எடுத்த படத்தைப் போட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது பேரும் நின்றபடியே பார்த்தோம். ஆஸ்பத்திரி அழுக்குத் துணிக்கு நடுவில் எழும்பும் ஆவி அத்தனை அழகு என்று எங்களுக்கே தெரியாது. இஸ்திரி அக்கா தன் குதிகால் வெடிப்பு திரை முழுக்க வந்ததைப் பார்த்து, "ஏண்டி, இம்புட்டு மூஞ்சி இருக்க உன் மக காலையா எடுத்தா?" என்று சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு அந்த இடம் வந்தது. சூப்பர்வைசர் வந்து, கையுறை கிழிந்தால் வெறுங்கையால் அள்ளு, ரத்தத் துணியானாலும் நேரத்துக்குப் போக வேண்டும் என்கிறான். நான் அவன் கண்ணைப் பார்த்து, "பார்த்துக்கறேன்" என்கிறேன். எல்லோரும் கைதட்டினோம். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ அதைப் படம்பிடித்துக்கொண்டு போன மறுநாள் ஒருத்தியும் மூட்டையைத் தொடவில்லை, மத்தியானத்துக்குள் கையுறைப் பெட்டி வந்துவிட்டது என்று அப்போதே போனில் சொன்னேனே. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் எக்ஸ்ரே அறைக்காரர் கீழே ஓடிய ஆங்கில வரியைத் தமிழில் படித்தார்: "சரிங்க ஐயா, நான் கவனிச்சுக்கறேன்." ஐயாவாம்! அவனை நான் எப்போதடி ஐயா என்றேன்?

தெரியாமல் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே. மார்க் அட்டையில் நீயே அப்பா கையெழுத்தைப் போட்டுக்கொண்டு போன அன்று, பள்ளிக்கூட வாசலில் நான் சொன்னது இதே வார்த்தைதான். "வீட்டுக்கு வா, பார்த்துக்கறேன்" என்றேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கட்டிலுக்கு அடியில் கிடந்தாயே, நான் உன்னைக் கவனித்துக்கொள்வேன் என்று நினைத்தா?

அந்தக் கையுறைப் பெட்டி தீர்ந்து மூன்று வாரமாகிறது. திங்கட்கிழமை மறுபடி கேட்கப் போனோம். மேனேஜர் உன் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். 'ஒரு தாயின் எல்லையில்லாப் பொறுமை' என்று நடுவர்கள் எழுதியதன் கீழே சிவப்புக் கோடு. "உலகமே உங்க பொறுமையைக் கொண்டாடுது, நீங்க என்னம்மா ஒரு கையுறைக்குக் கூட்டம் சேர்த்துக்கிட்டு வர்றீங்க?" என்றார். எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்து மூட்டையைப் பிரித்தோம். அன்று சாயங்காலமே, படுக்கை விரிப்புக்குள் கிடந்த ஊசி இஸ்திரி அக்காவின் விரலில் ஏறிவிட்டது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. காலைக் காட்டியதற்குச் சிரித்தவள் இப்போது விரலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள்.

போனில் கேட்டபோது, "சின்ன வரிம்மா, அதுல அவ்வளவும் அடங்காது, நடுவருங்க அழுதாங்க தெரியுமா" என்றாய். அழுதவர்கள் கையுறை அனுப்பினார்களா? குனிந்தவளுக்குத்தான் பரிசு, நிமிர்ந்தவளுக்கு இல்லை என்றால் அது என்ன பரிசு? இதைக் கேட்டதும் உன் சிக்னல் போய்விட்டது. நான் கேள்வி கேட்கும்போது மட்டும் உன் சிக்னல் போகிறது. அதனால்தான் கடிதம், அப்பா இதைப் போனில் போட்டோ எடுத்து இன்றே அனுப்புவார், இது பாதியில் அறுந்துபோகாது.

அடுத்த மாதம் இன்னொரு நாட்டு விழாவுக்கு உன் படம் போகிறது என்று அப்பா சொன்னார். அதற்குள் அந்த வரியை மாற்று. நான் சொன்னதை நான் சொன்னபடி போடு. மாற்றிவிட்டேன் என்று நடுவர்களுக்கும் எங்கள் மேனேஜருக்கும் உன் கையெழுத்தோடு எழுது, அந்தக் கண்ணாடிக்கு அடியில் அதை நானே செருகுகிறேன்.

நீ இன்னும் பத்துக் கோழி வாங்க வேண்டும், எல்லாவற்றையும் துடைத்து அடுக்க நான் இருக்க வேண்டும். நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
யாரையும் ஐயா என்று சொல்லாத உன் அம்மா

பின்குறிப்பு: இஸ்திரி அக்காவின் முடிவு வெள்ளிக்கிழமை வரும். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் வேண்டும். வரியை மாற்றுகிறாயா, இல்லையா?