மச்சில் நீ கொட்டிய உமி

அண்ணா,

இன்று மத்தியானம் மச்சுப் பலகை இடுக்கிலிருந்து கொஞ்சம் உமி என் பாயில் உதிர்ந்தது. சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அழுகை வரவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்த பிறகும் வரவில்லை. "கல்லாட்டம் உக்காந்திருக்கா பாரு" என்று கிழக்கேகோட்டைத் தெருவே பேசுகிறதாம். பேசிவிட்டுப் போகட்டும்.

கல்யாணமான வருஷமே கைம்பெண்ணாகத் திரும்பி வந்த என்னை இந்தப் பின்கட்டு அறையில் விட்டார்கள். மேலே வெறும் தகரம். மீன மாசக் கோடை பிறந்துவிட்டால் பகலில் உள்ளே மூச்சு முட்டும். வெளியே வந்து உட்காரவும் கூடாது. யார் கண்ணிலாவது பட்டால் அபசகுனம். என் தலையை மழித்த அன்று நீ சீக்கிரமே ஆபீசுக்குப் போய்விட்டாய். வெகுகாலம் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. இப்போது தேடினால் அதையும் காணோம்.

நீ மராமத்து ஓவர்சியர். ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றே அனலாக வீசுகிற இடத்தில் வேலை முடித்துத் திரும்பியவன், அங்கே ஒரு பண்டகசாலை மச்சில் உமியைப் பரப்பியிருப்பதாகவும், வெயில் உள்ளே இறங்குவதே இல்லை என்றும் சொன்னாய். சொன்ன கையோடு தகரத்துக்குக் கீழே பலகை அடித்து மச்சாக்கினாய். சாலைக் கடைத்தெரு மில்லில் வேண்டாமென்று ஒதுக்கிய நெல்லுமியைச் சாக்குச் சாக்காக வண்டியில் கொண்டுவந்து மச்சில் கொட்டினாய்.

உன் அகமுடையாள், மன்னி, சும்மா இருப்பாளா? "கேட்டேளா, இவளுக்கு எதுக்காக்கும் இந்த சொகுசு? சுட்டா சுடட்டும், தபஸ்னு நெனச்சுக்கட்டும். உமியில தீப்பொறி விழுந்தா தெருவே பத்திண்டு போகும்!"

"சுண்ணாம்பும் சாம்பலும் கலந்திருக்கேன். அவ்வளவு சுளுவாப் பிடிக்காது" என்றாய். அவள் உள்ளே போனதும் என் முகத்தைப் பார்க்காமலே, "என்னால இவ்வளவுதான் முடியும்டி" என்றாய்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தலைமுடி போனது, பள்ளிக்கூடம் போனது, அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவர் உமி கொட்ட வந்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். ஆனால் அன்று பகலில் தூங்கிவிட்டேன், அண்ணா. அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். அப்புறம் ஐப்பசித் துலாமழை ஓய்ந்ததும் வருஷா வருஷம் நீயே ஏறி, ஈரம் கோத்த உமியை அள்ளிவிட்டுப் புதிது நிரப்பினாய். விட்டால் மக்கிப் போகும், எலி குடியேறும் என்பாய்.

நேற்று மன்னியையும் இந்த அறைக்கே கொண்டுவந்து விட்டார்கள். மழித்த தலையில் முக்காட்டோடு வாசற்படியில் நின்றாள். எனக்கு அற்ப சந்தோஷமாவது வந்திருக்க வேண்டும், இல்லையானால் ஐயோ பாவம் என்றாவது தோன்றியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பாயை நகர்த்தி இடம் விட்டேன்.

இன்று காலை சித்தப்பா வந்து வெளியே நின்றபடி, "ஆம்பளை இல்லாத ஆத்துல உமி வேண்டாம், தீப்பிடிச்சா யார் அணைப்பா? நாளைக்கே ஆள் விட்டு அள்ளிடறேன்" என்றார். என் பேச்சை யார் கேட்பார்கள்? இனி வருகிற கோடையெல்லாம் கண்முன் வந்தது. அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து மன்னி பேசினாள். "வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். அவர் வச்சதாக்கும்."

"சரி, இருக்கட்டும்" என்று சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் மன்னி மல்லாந்து படுத்து மச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியில இந்த வெயில் அடிக்கறது, இங்கே சூடே தெரியலையே" என்றாள். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் கூடாதுன்னேன், இல்லையா?" என்றாள்.

"ஆமாம்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

உனக்காக அழுவதை அவள் பார்த்துக்கொள்வாள், அண்ணா. துலாமழை ஓய்ந்ததும் மச்சை நான் பார்த்துக்கொள்கிறேன்.